வீட்டுத் தோட்டத்தில் கடினமான வேர்களைத் தோண்டியெடுக்க எந்தக் கைக்கருவியை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்தை வெட்டுவது ஒரு நாள் வேலை. அதன் அடிக்கட்டையையும் வேரையும் எடுப்பதுதான் பலருக்கும் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது. பொக்லைன் நுழைய முடியாத குறுகிய சந்துகளிலும், மதிலுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள ஐந்தடி இடத்திலும் கைக்கருவிகளை நம்பித்தான் இந்த வேலையைச் செய்தாக வேண்டும். தமிழ்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் வழக்கமாக எதிர்ப்படும் மரங்களையும் மண்ணையும் மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

வீட்டில் நல்ல மண்வெட்டி இருக்கிறது. வேர் தோண்டவும் அது போதாதா?

போதாது. வேர் எடுப்பது என்பது மூன்று தனித்தனி வேலைகள் சேர்ந்தது: மண்ணை இளக்கி அகற்றுவது, வேரை அறுப்பது, அறுத்ததை நெம்பி வெளியே கொண்டுவருவது. மண்வெட்டி இவற்றில் முதல் வேலைக்கு மட்டுமே, அதிலும் மண்ணை அள்ளும் பாதிக்கு மட்டுமே, செய்யப்பட்ட கருவி. அதன் தகடு மெல்லியது. வேரின் மீது ஓங்கி அடித்தால் வாய் மடங்கும், அல்லது தகடும் காம்பு நுழையும் கண்ணும் சேரும் கழுத்து விரிசல் விடும். காம்பு உடைவதும் பெரும்பாலும் மண்வெட்டியை நெம்புகோலாகப் பயன்படுத்தும்போதுதான் நிகழ்கிறது.

கருவி கெடுவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நம் மண்வெட்டியின் தகடு காம்புக்கு உள்வாங்கிய கோணத்தில், நம் கால்களை நோக்கியே இருக்கிறது. இளகிய மண்ணில் அது வசதி. ஈரமான, வழுவழுப்பான வேரின் முதுகில் அது சறுக்கினால் நேராக முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் வந்து விழும். மண்வெட்டியை அள்ளுவதற்கு வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு வேலைகளுக்கும் உரிய கருவிகளைத் தனியாக வாங்குவதே சரி.

அப்படியானால் முதலில் வாங்க வேண்டியது எது?

பிக்காசு. சில ஊர்களில் குந்தாலி என்றும் கொந்தாளம் என்றும் சொல்வார்கள். தடித்த இரும்பில் இரு பக்கமும் நீண்ட தலையும், நடுவில் கண்ணும், ஏறத்தாழ மூன்றடி நீளக் காம்பும் கொண்ட கருவி இது. எந்தப் பிக்காசு என்பதில்தான் கவனம் வேண்டும்.

நம் இரும்புக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஒரு பக்கம் கூர் முனையும் மறுபக்கம் பட்டையான வாயும் கொண்டது. இறுகிய செம்மண்ணையும் சரளையையும் உடைக்க அதன் கூர் முனை அருமையாக உதவும். பட்டை வாயால் வேரைச் சுற்றியுள்ள மண்ணைக் கொத்தி இழுக்கலாம். இரண்டு விரல் தடிமன் வரையிலான வேர்களை அறுக்கவும் செய்யலாம். இன்னொரு வகையில் கூர் முனைக்குப் பதிலாகக் கோடாலி வாய் இருக்கும். அந்த வாய் காம்புக்கு இணையாகவும், மறுபக்கப் பட்டை வாய் காம்புக்குக் குறுக்காகவும் அமைந்திருக்கும். குறுக்கே ஓடும் வேரையும் நெடுக்கே ஓடும் வேரையும் நின்ற இடத்திலிருந்து நகராமல், கருவியைத் திருப்பிப் பிடித்தே வெட்டிவிடலாம். வேர் எடுப்பதற்கென்றே வாங்குவதானால் இந்த இரண்டாவது வகையைத்தான் நான் பரிந்துரைப்பேன். சிற்றூர்க் கடைகளில் இது அரிதாகவே கிடைக்கும்; இணையக் கடைகளிலும் பெரிய நகரங்களின் கருவிக் கடைகளிலும் கிடைக்கிறது. கொல்லரிடம் சொல்லிச் செய்துகொள்வதும் நல்ல வழி.

உங்கள் மண் கல்லும் சரளையுமாக இருந்தால் மட்டும் இந்தப் பரிந்துரை மாறும். கோடாலி வாய் கல்லில் பட்டால் ஒரே நாளில் பல் பல்லாகப் பெயர்ந்துவிடும். அங்கே கூர் முனைப் பிக்காசையே வாங்கி, வேரை அறுக்க ரம்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோடாலியையும் கொத்தும் வாயையும் ஒரே தலையில் சேர்க்கும் எண்ணம் காட்டுத்தீ அணைப்பவர்களுக்கும் பயன்பட்டிருக்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய எட் புலாஸ்கி, 1910-ஆம் ஆண்டின் பெருந்தீயில் தம் ஆட்களைச் சுரங்கம் ஒன்றுக்குள் அழைத்துச் சென்று காப்பாற்றியவர். இத்தகைய கருவியைப் பரவலாக்கிய பெருமை அவருக்கே தரப்படுகிறது. இன்றும் அது அவர் பெயராலேயே விற்கப்படுகிறது. ஆனால் அதன் கொத்தும் வாய் குறுகலானது, தலையும் சற்று இலேசானது. மேல்வேர்களுக்கு அது பொருந்தும், பெரிய அடிக்கட்டைக்குப் பொருந்தாது.

பிக்காசின் எடை எவ்வளவு இருக்க வேண்டும்? கனமானதுதானே நன்றாக வெட்டும்?

வெட்டின் வலிமை எடையோடு நேர்விகிதத்தில் கூடும். வேகத்தோடோ அதன் வர்க்கத்தில் கூடும். கனமான தலையைத் தூக்கி மெதுவாகப் போடுவதைவிட, கையாள முடிந்த தலையை விரைவாக இறக்குவதே வேரை அறுக்கும். அதோடு, வேர் வேலையில் முந்தைய வெட்டு விழுந்த அதே கீற்றில் அடுத்த வெட்டும் விழ வேண்டும். கை களைத்த பிறகு கனமான கருவியால் அந்தக் குறி வராது. பக்கத்தில் பக்கத்தில் விழுந்து வேர் நசுங்குமே தவிர அறுபடாது.

உடல் வேலைக்குப் பழகிய பெரியவருக்குத் தலை மட்டும் 2 முதல் 2.5 கிலோ போதும். பழக்கம் இல்லாதவருக்கு ஒன்றரைக் கிலோ. கடையில் காம்பின் கடைசி முனையை ஒரு கையால் பிடித்துக் கருவியைத் தரைக்கு இணையாகச் சிறிது நேரம் நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டு உடனே தளர்ந்தால் அதற்கடுத்த சிறிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடப்பாரை எந்த அளவில் வாங்குவது?

கடப்பாரைக்கு எடைதான் வேலை செய்கிறது. அதை ஓங்கி வீசுவதில்லை. தூக்கி நேராக இறக்குகிறோம், பிறகு நெம்புகிறோம். ஆகவே இங்கே கனத்துக்கு இடம் உண்டு, ஓர் எல்லை வரை.

கட்டுமானத் துறையில் கம்பியின் எடையைக் கணக்கிடப் பயன்படும் வழி இங்கேயும் உதவும்: மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் நீளத்தின் எடை கிலோவில் கிடைக்கும். 25 மி.மீ. கடப்பாரை மீட்டருக்கு 3.86 கிலோ, ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி நீளத்துக்கு 5.8 கிலோ ஆகிறது. 28 மி.மீ. என்றால் 7.3 கிலோ, 32 மி.மீ. என்றால் ஏறத்தாழ 9.5 கிலோ. வீட்டு வேலைக்கு 25 அல்லது 28 மி.மீ. போதுமானது. 32 மி.மீ. பாரையைப் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கிப் போடுவது பழகியவர்களுக்கே கடினம். 20 மி.மீ. பாரை தூக்க இலேசாக இருக்கும், ஆனால் தடித்த வேரின் அடியில் கொடுத்து நெம்பினால் வளைந்துவிடும்.

நீளத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஐந்தடிப் பாரையின் நுனியிலிருந்து அரையடி தள்ளி ஒரு கருங்கல்லையோ கட்டையையோ முட்டுக் கொடுத்தால், பிடிக்கும் பக்கம் நாலரை அடி. அதாவது ஒன்பது மடங்கு விசை. நாற்பது கிலோ அழுத்தம் கொடுக்கும் ஒருவர் மறுமுனையில் முந்நூற்று அறுபது கிலோ அளவுக்கு உயர்த்துகிறார். நான்கடிப் பாரையில் அதே முட்டுக்கு அது ஏழு மடங்காகக் குறைகிறது.

ஒரு முனை உளி போலப் பட்டையாகவும் மறுமுனை கூராகவும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பட்டை முனைதான் வேரை அறுக்கும்; கூர் முனை கல்லைப் பெயர்க்கும். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் கடப்பாரையே சொல்லிவிடும். கல்லில் பட்டால் ‘டங்’கென்று ஒலித்து அதிர்வு உள்ளங்கை வரை ஏறும். வேரில் பட்டால் மந்தமான சத்தத்துடன் பாரை சற்றே துள்ளி எழும். நுனியைப் பிடுங்கும்போது இலேசாகக் கவ்விப் பிடிக்கும். வெளியே எடுத்தால் நுனியில் வெண்மையான நார் ஒட்டியிருக்கும். தோண்டத் தொடங்குவதற்கு முன் அடிக்கட்டையைச் சுற்றி இப்படிக் குத்திப் பார்த்து, பெரிய வேர்கள் எந்தத் திசையில் போகின்றன என்பதைச் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டால் வீண் குழி தோண்ட வேண்டியிருக்காது.

கோடாலியால் வேரை வெட்டலாமா?

விறகு பிளக்கும் நல்ல கோடாலியை மண்ணுக்குள் இறக்க வேண்டாம். வேரின் பட்டையில் ஒட்டியிருக்கும் மணல் துகள்களே அதன் வாயை ஓரிரு வெட்டில் மழுக்கிவிடும். தேய்ந்த பழைய கோடாலி இருந்தால் அதை இதற்கென ஒதுக்கி வைக்கலாம். எந்தக் கருவியானாலும், வெட்டப் போகும் இடத்தில் வேரைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விட்டு மண்ணை அகற்றி, ஒரு பழைய தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகு வெட்டுங்கள். வெட்டும் வாயின் ஆயுள் கண்கூடாக நீளும்.

ரம்பம் தேவையா?

மதிலோரத்திலும் குழாய்களுக்கு அருகிலும் ரம்பம் மட்டுமே பாதுகாப்பானது. கிளை கழிக்கும் வளைந்த கை ரம்பம், இழுக்கும்போது அறுக்கும் வகை, குழிக்குள் குனிந்து வேலை செய்ய ஏற்றது. விலை குறைந்ததையே வாங்குங்கள். மண் படும் வேலையில் எவ்வளவு விலையுயர்ந்த பல்லும் தேயத்தான் செய்யும். அலகை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. நீண்ட பிடியுள்ள கிளைக் கத்தரியால் கட்டைவிரல் தடிமன் வரையிலான வேர்களைச் சத்தமின்றி, அதிர்வின்றி நறுக்கலாம். முதுகுவலி உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி.

கடையில் நிற்கும்போது நல்ல இரும்பை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் தலை ஒரே இரும்பில் அடித்துச் செய்யப்பட்டதா, துண்டுகளை வெல்டிங் வைத்து ஒட்டியதா என்று பாருங்கள். கண்ணுக்கும் வாய்க்கும் இடையே வெல்டிங் தடம் ஓடினால் அதை வாங்க வேண்டாம். நெம்பும் வேலையில் அந்த இடம்தான் முதலில் பிளக்கும். வண்ணம் தடிமனாகப் பூசி மினுக்கியிருந்தால் கண்ணின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே வண்ணம் குறைவாக இருப்பதால் வார்ப்பின் குமிழ்த் துளைகளும் வெடிப்புகளும் தெரியும்.

அடுத்து, வாயின் கடினம். ஒரு சிறிய அரத்தைக் கையோடு எடுத்துச் சென்று, கடைக்காரர் அனுமதியுடன் வாயின் ஓரத்தில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அரம் வெண்ணெயில் போவது போல இறங்கினால் இரும்பு மென்மையானது. சில நாட்களில் வாய் மடங்கும். துளியும் கடிக்காமல் வழுக்கினால் அளவுக்கு மீறிக் கடினமானது. கல்லில் பட்டால் சில்லு தெறிக்கும். சிறிது எதிர்த்து, பிறகு கடிக்க வேண்டும். அதுவே சரியான பதம்.

உங்கள் ஊரில் கொல்லுப்பட்டறை இன்னும் நடக்கிறது என்றால், ஆலைக் கருவிகளைவிட அங்கேயே செய்துகொள்வதை நான் விரும்புகிறேன். லாரியின் பழைய வில்பட்டை இரும்பைக் காய்ச்சி அடித்துச் செய்யும் வாய், அதிர்வைத் தாங்கும் குணம் இயல்பாகவே உள்ளது. சரியாகத் தோய்த்துக் கொடுத்தால், அதாவது காய்ச்சிக் குளிர்வித்துப் பதமாகக் கடினமாக்கிக் கொடுத்தால், பல ஆண்டுகள் நிற்கும். தேய்ந்தபின் மீண்டும் காய்ச்சி நீட்டித் தரவும் அவரால் முடியும். நீங்கள் எந்த மரத்தின் வேரை, எந்த மண்ணில் எடுக்கப் போகிறீர்கள் என்று சொன்னால், அதற்கேற்ப வாயின் அகலத்தையும் சரிவையும் அவரே முடிவு செய்துவிடுவார்.

காம்பு எந்த மரமாக இருக்க வேண்டும்?

நாட்டுக் கருவேலம் முதல் தெரிவு. வேம்பும் புளியும் அடுத்து. தேக்கு நீரையும் கரையானையும் தாங்கும் என்பதற்காகச் சிலர் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் அடிக்கடி விழும் அதிர்ச்சியைத் தாங்கும் குணம் தேக்குக்குக் குறைவு, நெடுக்காகப் பிளந்துவிடும். மர வகையைவிடவும் முக்கியமானது நார் ஓட்டம். காம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நார் நேராக ஓட வேண்டும். நடுவிலே பக்கவாட்டில் வெளியேறினாலும், கணு இருந்தாலும் அந்த இடத்தில்தான் முறியும்.

பிக்காசின் கண் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். காம்பின் தடித்த முனை மேலே இருக்கும்படி, தலையைக் காம்பின் மெல்லிய முனை வழியாகச் செருகி மேலேற்ற வேண்டும். வீசும்போது தலை வெளிப்பக்கமாக இழுபட்டு இன்னும் இறுகுமே தவிரக் கழன்று பறக்காது, ஆப்பு தேவையில்லை. கோடாலிக்கும் மண்வெட்டிக்கும் ஆப்பு வேண்டும். காய்ந்த காம்பு சுருங்கித் தலை ஆடினால் இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைப்பது பழைய வழக்கம். அது அன்றைய வேலைக்கு மட்டுமே உதவும். காய்ந்தவுடன் முன்பைவிட அதிகமாக ஆடும். ஆப்பை மாற்றி அடிப்பதே சரியான தீர்வு. நார்க்கண்ணாடி (ஃபைபர் கிளாஸ்) காம்பு அதிர்வைக் குறைக்கும், கரையானுக்கு அஞ்சாது. வெயிலிலேயே போட்டு வைத்தால் மேல்பூச்சு உரிந்து நார்த் துகள் கையில் ஏறும்.

தென்னை அடிக்கட்டையை எடுக்க எது ஏற்றது?

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடிக்கிழங்கு போன்ற பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒரே தடிமனில், விரல் அளவு வேர்கள் ஆயிரக்கணக்கில் கிளம்புகின்றன. அவை ஆண்டுகள் ஆக ஆகத் தடிப்பதும் இல்லை. தனி வேர் ஒவ்வொன்றும் எளிதாக அறுபடும். எண்ணிக்கைதான் மலைக்க வைக்கிறது. பிக்காசின் கூர் முனை இந்த நார்க் கூட்டத்தில் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் பிடுங்குவதற்கே பாதிச் சக்தி போய்விடும். இங்கே கடப்பாரையின் பட்டை முனையை அரத்தால் நன்கு தீட்டி, அடிக்கட்டையை ஒட்டிச் செங்குத்தாக, வட்டமாக, நெருக்கி நெருக்கி இறக்குங்கள். ஒவ்வொரு குத்திலும் இரண்டு மூன்று வேர்கள் ‘கடுக் கடுக்’கென்று அறுபடுவதைக் கேட்கலாம். ஒரு சுற்று முடிந்ததும் அறுபட்ட மண்ணையும் வேரையும் மண்வெட்டியால் அள்ளிவிட்டு, அடுத்த சுற்றைச் சற்றே உள்நோக்கிச் சாய்த்துக் குத்துங்கள்.

தென்னை மீண்டும் துளிர்க்காது. அதன் ஒரே வளர்நுனி உச்சியில் இருந்தது, அது போய்விட்டது. ஆகவே அடிக்கட்டையை மண்ணுக்குள் விட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பக்கத்தில் வேறு தென்னை இருந்தால் அப்படிச் செய்யாதீர்கள்: மக்கும் தென்னங்கட்டைகளில்தான் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுகிறது.

மூங்கில் புதரை எப்படிச் சமாளிப்பது?

நம் ஊரில் வளரும் கல் மூங்கில், முள் மூங்கில், வீடுகளில் வைக்கும் மஞ்சள் மூங்கில் எல்லாமே புதராக வளரும் வகைகள். நிலத்தடித் தண்டு ஓடிப் பரவாது. ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஒரே கட்டியாக இறுகும். பாறை போலத் தோன்றினாலும் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. ஒவ்வொரு தண்டும் தன் தாய்த்தண்டோடு குறுகிய கழுத்தால் மட்டுமே இணைந்திருக்கிறது. அந்தக் கழுத்தைக் கண்டு வெட்ட வேண்டும். தடித்த பகுதியில் நூறு முறை அடிப்பதால் பயனில்லை.

புதிய தண்டுகள் வெளி ஓரத்தில் இருப்பதால் வெளியிலிருந்து உள்நோக்கி வேலை செய்யுங்கள். கழிகளை இடுப்பளவு உயரத்துக்கு விட்டு மேலே வெட்டிவிட்டு, வெளி ஓரக் கழியைப் பிடித்து ஆட்டினால் அதன் அடித்தண்டு எந்தப் பக்கம் அசைகிறது, எங்கே அசையாமல் நிற்கிறது என்று தெரியும். அசையாத இடத்தில்தான் கழுத்து இருக்கிறது. அங்கே மண்ணை விலக்கிக் கோடாலி வாய்ப் பிக்காசால் வெட்டி, எதிர்ப்பக்கம் கடப்பாரை கொடுத்துப் பெயர்த்தால் அந்தத் துண்டு தனியாக வரும். அடுத்த கழிக்குப் போங்கள். நடுப்பகுதியை நெருங்கும்போது வேலை எளிதாகும், ஏனெனில் அங்கே பழைய தண்டுகள் பல ஏற்கெனவே உளுத்திருக்கும். வெட்டிய மூங்கிலின் ஓரம் கத்தி போல அறுக்கும் என்பதால் தடித்த தோல் கையுறை இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

வாழைக் கிழங்கு?

கடப்பாரையால் சுற்றிக் குத்தி நெம்பினால் வந்துவிடும். பக்கக் கன்றின் கிழங்கு ஒன்றுகூட விடுபடாமல் பாருங்கள்.

கோரையும் அருகும் எவ்வளவு கொத்தினாலும் மறுபடி வருகின்றன. என்ன கருவி தவறு?

கொத்தும் கருவியே தவறு. கோரைக் கிழங்குகள் மண்ணுக்கடியில் சரம் சரமாக இணைந்திருக்கின்றன. சரம் முழுதாக இருக்கும்வரை நுனிக் கிழங்கு மற்றவற்றின் முளைப்பை அடக்கி வைக்கிறது. களைக்கொத்தாலோ மண்வெட்டியாலோ அதைத் துண்டாக்கினால், உறங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கின்றன. ஒரு செடியைக் கொன்று ஐந்தை விதைத்த கதைதான். அருகின் நிலத்தடித் தண்டும் ஒவ்வொரு கணுவிலும் துளிர்க்கும்.

இவற்றுக்கு அறுக்காத கருவி வேண்டும். கார்டன் ஃபோர்க் என்று விற்கப்படும், நான்கு தடித்த பற்கள் கொண்ட கருவியை ஓர் அடி ஆழம் காலால் மிதித்து இறக்கி, பின்னோக்கிச் சாய்த்து மண்ணைக் கட்டியாகத் தூக்குங்கள். கட்டியைக் கையால் உதிர்த்துச் சரத்தை முழுதாக உருவி எடுங்கள். சதுரக் கம்பியில் செய்த பற்கள் உள்ளதை வாங்க வேண்டும். தகட்டில் வெட்டிய பற்கள் முதல் நாளிலேயே வளையும். இந்த வேலைக்குக் கோடையே உகந்தது. மேலே வந்து சித்திரை வெயிலில் காயும் கோரைக் கிழங்கு ஈரம் இழந்து சாகும். கோடை உழவின் பயன்களில் இதுவும் ஒன்று. மழைக்காலத்தில் எடுத்து வரப்பில் வீசினால் அங்கேயே வேர் பிடிக்கும்.

சீமைக் கருவேலத்தையும் வேம்பையும் எடுத்த பிறகும் துளிர் வருகிறதே?

சீமைக் கருவேலத்தின் துளிர் மொட்டுகள் தரைமட்டத்துக்குக் கீழே, தண்டும் வேரும் சேரும் பகுதியில் இருக்கின்றன. தரையோடு வெட்டுவது அதைக் கவாத்து செய்வதற்குச் சமம். ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் கிளம்பும். குறைந்தது ஓர் அடி ஆழம் தோண்டி, அந்தப் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டால் கீழே எஞ்சும் ஆணிவேரைப் பற்றிக் கவலை வேண்டாம். அதன் முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறும்; தடித்த அடியுள்ள காலணி அணியாமல் அருகில் போகாதீர்கள்.

வேம்பு வேறு வகை. அதன் பக்கவேர் காயப்பட்ட இடத்திலிருந்தே கன்று கிளம்பும். ஆகவே மேலோட்டமாக ஓடும் பக்கவேர்களைப் பாதியில் நசுக்கிவிட்டு விடாமல், ரம்பத்தால் சுத்தமாக அறுத்து, எட்டும் தூரம் வரை இழுத்து எடுக்க வேண்டும்.

மரத்தைத் தரையோடு வெட்டிவிட்டுப் பிறகு வேரைத் தோண்டுவதுதானே முறை?

இந்த ஒன்றை மட்டும் வேலை தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்: தரையோடு வெட்டாதீர்கள். நெஞ்சளவு உயரத்துக்கு அடிமரத்தை விட்டுவிடுங்கள். அதுவே உங்களிடம் உள்ள மிகப் பெரிய நெம்புகோல். சுற்றிலும் குழி எடுத்து, பக்கவேர்களை ஒவ்வொன்றாக அறுத்த பின், அந்த அடிமரத்தின் உச்சியில் கயிறு கட்டி இப்படியும் அப்படியும் இழுத்தால், இன்னும் அறுபடாத வேர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அசைவிலேயே தெரியும். ஆணிவேரும் ஒரு பக்கம் சாய்ந்து வெட்டுக்கு இடம் கொடுக்கும். தரையோடு வெட்டிய கட்டையில் இந்த உதவி எதுவும் இல்லை. அதன் அடியில் உள்ள ஆணிவேரை எட்டவே இரண்டு மடங்கு அகலக் குழி தேவைப்படும்.

பக்கவேரை அறுக்கும்போது ஒரே இடத்தில் வெட்டி விடாமல், ஓர் அடி இடைவெளியில் இரண்டு இடங்களில் வெட்டித் துண்டை வெளியே எடுத்துவிடுங்கள். அப்போதுதான் பிக்காசை வீசவும் பாரையை நுழைக்கவும் குழிக்குள் இடம் கிடைக்கும். சாயும் நிலையில் உள்ள அடிமரத்தின் கீழ்ப்பக்கக் குழியில் யாரும் நிற்கக் கூடாது.

மண் எந்தப் பதத்தில் இருக்கும்போது தோண்ட வேண்டும்?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, சேறு வற்றிய மார்கழியும் தையும் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஏற்ற காலம். மற்ற நாட்களில், இரண்டு நாள் முன்னதாகவே அடிக்கட்டையைச் சுற்றி வரப்புக் கட்டி, மாலையில் தண்ணீர் தேக்குங்கள். முந்தைய இரவு மட்டும் ஊற்றினால் மேலே சேறும் அடியில் கட்டாந்தரையுமாக இருக்கும். செம்மண்ணில் இது அதிசயம் போல வேலை செய்யும். கரிசலில் அளவோடு ஊற்றுங்கள். நனைந்த கரிசல் கருவியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு வெட்டுக்கும் வழித்தெடுக்க வைக்கும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினால் உருண்டையாகி, விரலால் அழுத்தினால் உதிர வேண்டும்.

குழாயும் மின்கம்பியும் புதைந்திருக்கக்கூடிய இடத்தில் என்ன செய்வது?

அங்கே கடப்பாரையை இறக்கவே கூடாது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்குப் போகும் கேபிள், மீட்டர் பெட்டியிலிருந்து இறங்கும் எர்த் கம்பி, கழிவுநீர்த் தொட்டிக்குப் போகும் குழாய் ஆகியவை வீட்டைச் சுற்றி ஓரிரு அடி ஆழத்திலேயே கிடக்கின்றன. மோட்டார் இணைப்பை அணைத்துவிட்டு, சிறு களைக்கொத்தாலும் கையாலும் மண்ணை விலக்கி, வேரைக் கண்ணால் பார்த்த பிறகே ரம்பத்தால் அறுங்கள். மதில் அடித்தளத்துக்குள் நுழைந்த அரசு, ஆல் போன்றவற்றின் வேரைப் பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து வரும். அதைச் சுவரோடு மட்டமாக அறுத்து விடுவதே நல்லது, உள்ளே உள்ள பகுதிக்கு ஒரு கொத்தனாரின் துணை தேவைப்படும்.

எனக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. நானே செய்ய முடியுமா?

கை மணிக்கட்டு தடிமன் வரையிலான செடிகளின் வேரை நிதானமாகச் செய்யலாம். ஒரு கிலோ தலையுள்ள சிறு பிக்காசு, கிளைக் கத்தரி, கை ரம்பம் ஆகிய மூன்றும் போதும். பிக்காசைத் தலைக்கு மேலே தூக்காமல் தோள் மட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறுப்பதை நீங்கள் செய்து, நெம்புவதை மட்டும் இளையவர் ஒருவரிடம் விடுவது நல்ல பங்கீடு. முதுகை முறிப்பது பெரும்பாலும் நெம்பும் வேலைதான். அரளியின் வேரையும் தண்டையும் கையுறையோடு எடுங்கள், எரிக்காதீர்கள். அதன் புகையும் நஞ்சு. கள்ளி வகைகளின் பால் கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் செல்லுங்கள். மண் பட்ட காயம் எதற்கும் டெட்டனஸ் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

கருவிகளை எப்படித் தீட்டுவது?

அரத்தால், கையால். பிக்காசின் கோடாலி வாய்க்கு இரு பக்கமும், பட்டை வாய்க்கும் மண்வெட்டிக்கும் ஒரு பக்கம் மட்டும் சரிவு கொடுங்கள். சவரக்கத்தி போன்ற கூர்மை வேண்டாம். அது முதல் கல்லிலேயே மடங்கும். கிரைண்டர் இயந்திரத்தில் கொடுத்தால் ஓரம் சூடேறி நீல நிறம் காட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அந்த இடத்தில் தோய்ப்பு இறங்கி இரும்பு மென்மையாகிவிட்டது. இயந்திரத்தில்தான் தீட்ட வேண்டும் என்றால் சில நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவித் துடைத்து, பழைய என்ஜின் ஆயிலோ வேப்பெண்ணெயோ தடவி வையுங்கள்.

உப்பையோ அமிலத்தையோ ஊற்றினால் வேர் தானே மக்கிவிடாதா?

உப்பு வேரை விரைவாக மக்கச் செய்யாது; மண்ணைத்தான் கெடுக்கும், பிறகு அங்கே எதையும் நட முடியாது. அமிலம் உங்கள் கண்ணுக்கும் கிணற்றுக்கும் ஆபத்து. இரண்டும் வேண்டாம்.

எந்த அளவுக்கு மேல் கைக்கருவியை நம்பக் கூடாது?

அடிமரத்தின் விட்டம் ஓர் அடியைத் தாண்டி, அது ஆணிவேர் உள்ள மரமாகவும் இருந்தால், இருவர் சேர்ந்து உழைத்தாலும் பல நாட்கள் ஆகும். அப்போது பக்கவேர்களை மட்டும் நீங்கள் அறுத்து வைத்துவிட்டு, செயின் பிளாக் (சங்கிலியால் பாரம் தூக்கும் கருவி) கொண்டுவந்து தூக்குபவரை அழைக்கலாம். முக்காலி நிறுத்த இடமிருந்தால் பொக்லைன் வராத சந்திலும் அது வேலை செய்யும். வேர்களை முன்கூட்டியே அறுத்து வைத்திருந்தால் அவருக்கு வேலை சீக்கிரம் முடியும், கூலியும் குறையும். எடுத்த குழியை ஒரேயடியாக நிரப்பாமல், அரையடி மண் போட்டுத் தண்ணீர் விட்டு மிதித்து, மறுபடி அரையடி என நிரப்புங்கள். மேலே நான்கு விரல் உயரம் கூடுதலாகவே விட்டு வையுங்கள், அடுத்த மழையில் அது தரைமட்டத்துக்கு இறங்கிவிடும்.